பெட்டிக்கு மூன்று பூட்டு, போனுக்கு?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு சகோதரி தயங்கித் தயங்கி எழுந்தார். ஆட்டையாம்பட்டியில் வீட்டிலேயே கை முறுக்கு சுற்றி விற்பவர். "ஏனுங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க. இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலைங்க" என்று ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு 2,000 முறுக்கு வேண்டும் என்று அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. "முன்பணம் அனுப்பறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அதை ஸ்கேன் பண்ணி, உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் ஏறிடும்" என்று பேசியிருக்கிறான். இவரும் போட்டார். பணம் ஏறவில்லை. இருந்த 6,500 ரூபாய் இறங்கிவிட்டது. மாவுக்கும் எண்ணெய்க்கும் குழுவில் வாங்கிய உள்கடன் பணம் அது. வீட்டில் தெரிந்தால் "உனக்கெதுக்குப் போனு?" என்பார்களே என்று பயந்து, 20 நாள் வாயே திறக்கவில்லை.

"இதுக்குத்தான் போனே வேண்டாங்கறது" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். "அப்ப ஆர்டர் எப்படிங்க வரும்?" என்று கேட்டார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. போன், கம்ப்யூட்டர், ஒலிபெருக்கி, ரேடியோ இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்கிறோம். இவை ஏழைப் பெண்களுக்கு எப்போது உதவின, எப்போது கெடுத்தன? நமக்கு முன்னால் செய்து பார்த்தவர்களிடம் கேட்போம்.

முதலில் கேள்வி, பிறகு கம்ப்யூட்டர்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூர் இருக்கிறது. டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் அங்கே ஒரு தலைமை மையம் வைத்து, சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கம்ப்யூட்டரை இறக்கி வைத்துவிட்டு "இந்தாங்க, பயன்படுத்துங்க" என்று அவர்கள் போய்விடவில்லை. ஜனங்களுக்கு என்ன தகவல் வேண்டும், இப்போது அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று முதலில் ஊர் ஊராக விசாரித்தார்கள்.

நெல் என்ன விலை, உரம் என்ன விலை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அரசுத் திட்டத்தில் நம் பெயர் இருக்கிறதா என்பவைதான் ஜனங்களுக்கு வேண்டியிருந்தன. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பட்டியலும் கம்ப்யூட்டரில் ஏறியது. பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாகிவிட்டால், "உன் பேரு வரலம்மா" என்று சும்மா சொல்லி அனுப்ப முடியுமா?

மையம் வேண்டும் என்று கேட்ட ஊருக்கு நிபந்தனைகளும் இருந்தன. இடம் ஊர் கொடுக்க வேண்டும். எந்தச் சாதியாக இருந்தாலும் உள்ளே வர விட வேண்டும். மையத்தை நடத்துகிறவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். எம்பலம் என்ற ஊரில் கோயில் கட்டடத்திலேயே மையம் வைத்தார்கள். நடத்தியவர்கள் ஊர்ப் பெண்கள். சாமி கும்பிடப் போகும் வாசலில் பலருக்குத் தடை இருந்தது. கம்ப்யூட்டர் இருந்த வாசலிலோ யாருக்கும் தடை இல்லை.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அலை எவ்வளவு உயரம் எழும் என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலைக் கணிப்பை மையத்தில் இருந்தவர்கள் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் படித்தார்கள். கரையில் வலை பின்னுகிறவர்களுக்கும் அது காதில் விழுந்தது. தகவல் ஏழு கடல் தாண்டி வந்தாலும், கடைசியில் சொன்னது பழகிய ஊர்க் குரல்தான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நல்லவாடு என்ற ஊரில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டு, "எல்லாரையும் ஓடச் சொல்லுங்க" என்றார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் கத்தி அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் சுமார் 3,600 பேர் இருந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒரு போனும் ஒரு மைக்கும் செய்த வேலை இது. சேதி வந்தால் யாரிடம் சொல்வது, எப்படிப் பரப்புவது என்று அந்த ஊருக்கு முன்பே பழக்கம் இருந்தது. அதனால்தான் முடிந்தது.

ஆப்பிரிக்காவில் என்ன செய்தார்கள்?

ஆப்பிரிக்காவில் உகாண்டா என்று ஒரு நாடு. அங்கே நகசேகே என்னும் ஊரின் தகவல் மையத்தில், 2001ஐ ஒட்டி, கிராமப் பெண்கள் வருமானம் பெருக்கும் வழிகளைச் சொல்லும் ஒரு சிடியைப் பயன்படுத்தினார்கள். சரளமாகப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி, அவர்கள் பேசும் லுகாண்டா மொழியிலேயே அது பேசியது. நம் பாட்டிமார் வயதில் இருந்தவர்களும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

பக்கத்து நாடு கென்யா. அங்கே பிழைப்புக்கு நகரத்துக்குப் போனவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப, பஸ் டிரைவரிடமோ தெரிந்தவரிடமோ கொடுத்து அனுப்பினார்கள். வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற போன் கம்பெனி 'எம்-பெசா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெசா என்றால் அவர்கள் பாஷையில் பணம். எப்படி என்றால், பக்கத்துக் கடையில் இருக்கும் ஏஜெண்டிடம் பணத்தைக் கொடுத்தால் உங்கள் போன் கணக்கில் ஏறும். பட்டன் போனிலேயே செய்தி மூலம் ஊரிலுள்ள அம்மாவுக்கு அனுப்பலாம். அம்மா தன் ஊர்க் கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, பின் நம்பரைப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார். பாங்கிக் கணக்கு தேவையில்லை.

இதனால் என்ன ஆயிற்று? சூரி, ஜாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, 2016ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலே வந்தன, சுமார் 1,85,000 பெண்கள் காட்டு வேலையை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்களுக்குத்தான் பலன் அதிகம். காரணம் நமக்குப் புரியாததல்ல. ரொக்கம் வீட்டில் இருந்தால் நாலு கை நீளும். தன் போனில், தன் பின் நம்பருக்குள் இருக்கும் பணம் தன் பணமாக இருக்கும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே போனில் 2012 கடைசியிலிருந்து கடனும் வர ஆரம்பித்தது. அப்புறம் கடன் செயலிகள் முளைத்தன. ஈடு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், அஞ்சு நிமிஷத்தில் பணம். தவணை தவறினால், போனில் உள்ள சொந்தக்காரர் நம்பருக்கெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்கினார்கள். கடைசியில் 2021ல் சட்டம் கொண்டுவந்து, இப்படிக் கடன் கொடுப்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்றார்கள். இதே கூத்து நம் நாட்டிலும் நடந்தது. குழுவில் கடன் கேட்டால் பத்துப் பேர் எதிரில் "எதுக்கு? எப்படிக் கட்டுவே?" என்று கேட்பார்கள். செயலி எதையும் கேட்காது. கேட்காத கடன்தான் ஆபத்தான கடன்.

மூன்று பூட்டுப் பெட்டி

நைஜர் என்ற நாட்டில் 1991ல், கேர் என்ற நிறுவனத்தின் உதவியோடு, நம்மைப் போலவே பெண்கள் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கினார்கள். இந்த முறை பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. இந்தக் குழுக்களில் பணத்தை ஓர் இரும்புப் பெட்டியில் வைப்பார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். பெட்டி வேறொருவர் வீட்டில். எல்லோரும் கூடிய கூட்டத்தில்தான் திறப்பார்கள். யாரையும் சந்தேகப்பட்டு இப்படிச் செய்யவில்லை. யார் மேலும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்றுதான்.

கென்யாவில் சில குழுக்கள் பணத்தைப் போன் கணக்குக்கு மாற்றியபோதும் இதை விடவில்லை. மூன்று உறுப்பினர்கள் மூன்று பின் நம்பர் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொண்டார்கள். பெட்டி மாறியது, பூட்டு மாறவில்லை.

நாமும் தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் குழுப் பணத்தை எடுக்கிறோம். அதில் கவனமாக இருக்கிற நாம், சொந்தக் கணக்கின் பின் நம்பரை என்ன செய்கிறோம்? மகனிடம் சொல்லி வைக்கிறோம். ஏடிஎம் அட்டை உறையிலேயே எழுதி வைக்கிறோம். முன்பின் தெரியாதவன் கேட்டால் போடுகிறோம்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. பணம் கொடுக்கத்தான் பின் நம்பர். பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் பண்ணுவதும் கொடுப்பதற்குத்தான். இதை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

2. பின் நம்பரையும் போனில் வரும் ஓடிபி எண்ணையும் பாங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

3. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், பாங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

4. போன் தெரிந்த உறுப்பினர் ஒருவர், தெரியாத இருவருக்குத் தன் கையால் தானே செய்யக் கற்றுக்கொடுக்கட்டும். அவர்களுக்காகச் செய்து கொடுக்க வேண்டாம்.

5. புதுச்சேரியில் செய்தது போல, உங்கள் குழுவுக்கு என்ன தகவல் வேண்டும் என்று எழுதுங்கள். இன்றைக்கு மரவள்ளிக் கிழங்குக்குப் பாயிண்டுக்கு என்ன விலை? நூல் என்ன விலை? பக்கத்து ஊர்ச் சந்தையில் முறுக்கு என்ன விலை போகிறது? கேள்வி கையில் இருந்தால் போன் பதில் சொல்லும். கேள்வி இல்லாவிட்டால் சினிமாப் பாட்டுத்தான் பாடும்.

6. ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாத 20 நாளில்தான் திருடன் தப்பிக்கிறான்.

அந்தச் சகோதரியின் 6,500 ரூபாய் திரும்பி வரவில்லை. நாள் கடந்துவிட்டது. அவர் குழு, உள்கடனைக் கட்ட மூன்று மாதம் தவணை கொடுத்துத் தீர்மானம் எழுதியிருக்கிறது. போனை விட்டுவிடுவதா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "எதுக்குங்க விடறது? பூட்டுப் போடத் தெரியாமத்தானுங்க ஏமாந்தேன். இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன்." அடுத்த கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போவதும் அவர்தான்.