இன்ஜினுக்குக் காது கொடுங்கள்

கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். பல கை மாறி வந்த மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கி, டீசல் காரில் கழற்றிய சின்ன டர்போவை அதில் ஏற்றிவிட்டார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தானே வெல்டிங் வைத்தாராம். இனி கம்பெனி ஈசிஎம்மை, அதாவது இன்ஜினை ஆட்டுவிக்கிற கம்ப்யூட்டர் பெட்டியை, கழற்றிவிட்டு, வெளியில் விற்கிற ஈசிஎம் ஒன்றைப் பொருத்த வேண்டும். எந்தப் பெட்டி வாங்கலாம், அதற்கு மேப் ஃபைல் யாரிடம் கிடைக்கும், எவ்வளவு பூஸ்ட் (டர்போ ஊதுகிற அழுத்தம்) வைக்கலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். படித்ததும் மகிழ்ச்சி ஒரு பக்கம், பதைப்பு ஒரு பக்கம். பதைப்பு அந்த இரண்டாவது கேள்வியால்.

டர்போ என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போர்வெல் லாரியில் டர்போ வைத்த கம்ப்ரசர் இன்ஜின் இரவெல்லாம் அலறக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் டீசலில் பழகிய பார்வையோடு பெட்ரோல் டர்போவை அணுகுவதில்தான் ஆபத்து. டீசல் இன்ஜின் வெறும் காற்றை மட்டுமே நசுக்குகிறது. டீசல் கடைசி நேரத்தில்தான் உள்ளே பீய்ச்சப்படும். காற்று கூடினால் அதற்கு நல்லதே. எஸ்டீம் மாதிரி பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே போகின்றன, கலந்தே நசுங்குகின்றன. பிளக் மூட்டிய தீ போய்ச் சேருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் பிஸ்டன் போயிற்று.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் மோடெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் எல்லாம் பந்தயக்காரர்கள் நம்புகிற பெயர்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும். கையில் காசு குறைவு, சால்டரிங் வரும் என்றால் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் வடிவமைத்த மெகாஸ்குவர்ட் இருக்கிறது. ஆர்டுயினோ போர்டில் ஓடுகிற ஸ்பீடுயினோ இருக்கிறது. அதன் புரோகிராம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. எஸ்டீமுக்கு இவை தாராளமாகப் போதும். இதையே போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அந்தக் காரில் ஈசிஎம் தனியாக வேலை செய்யவில்லை. கியர்பாக்ஸ், ஏபிஎஸ், மீட்டர் போர்டு எல்லாவற்றோடும் கேன் என்ற இரட்டைக் கம்பி வழியே ஓயாமல் தகவல் பரிமாறிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கினால் கியர்பாக்ஸுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அங்கே கம்பெனி ஈசிஎம்முக்குள் இருக்கிற எண்களைத் திருத்தி எழுதுவதுதான் வழி. ரீமேப் என்கிறார்களே, அது.

எந்தப் பெட்டி வாங்கினாலும் அதற்குத் தெரிவது கொஞ்சம்தான். கிராங்க் எங்கே நிற்கிறது, மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், உள்ளே வரும் காற்றும் கூலன்ட்டும் எவ்வளவு சூடு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, பேட்டரி எத்தனை வோல்ட். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு அட்டவணையைப் பார்த்து இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்டு திறப்பது என்று முடிவெடுக்கும். இன்னொரு அட்டவணையைப் பார்த்து பிளக் எத்தனை டிகிரி முன்னால் பொறிய வேண்டும் என்று முடிவெடுக்கும். ஆர்பிஎம் ஒரு பக்கம், அழுத்தம் ஒரு பக்கம். 16-க்கு 16 என்றால் 256 கட்டங்கள். தம்பி கேட்கிற மேப் ஃபைல் இந்தக் கட்டங்களில் நிரப்பிய எண்கள்தான்.

பொருத்துகிற வேலையில் பாதி வயரிங். சென்சார்களின் எர்த்தையும் காயில்களின் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிக் கட்டாமல் இருந்தாலே பாதித் தொல்லை போய்விடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரையும் மாற்ற வேண்டும். டர்போ இல்லாத காரில் வருவது வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். அதற்கு மேல் டர்போ எவ்வளவு ஊதினாலும் பெட்டிக்குத் தெரியாது. இரண்டரை அல்லது மூன்று பார் வரை அளக்கிறதை வாங்குங்கள்.

இதில் ஒரு காரியத்தை மட்டும் அவசரமில்லாமல் செய்யச் சொல்வேன். கிராங்க் புல்லியோடு சுற்றும் பல் சக்கரங்களில் பரவலான வகையில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். அதில் அடுத்தடுத்து இரண்டு பல் இருக்காது. அந்த இடைவெளி சென்சாரைத் தாண்டும்போதுதான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று பெட்டி கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே 6 டிகிரி. இந்தக் கணக்கில் ஒரே ஒரு பல் பிசகினால் திரையில் 12 டிகிரி என்று காட்டும். பிளக் உண்மையில் 18 டிகிரியில் பொறிந்துகொண்டிருக்கும். கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஐடிலிங்கூட நிற்கும். பூஸ்ட் ஏறும்போதுதான் விஷயம் வெளியே வரும், அப்போது பிஸ்டனும் கூடவே வரும். ஆகவே சாஃப்ட்வேரில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவையுங்கள். புல்லியில் 10 டிகிரிக்கு வெள்ளைப் பெயின்ட்டில் கோடு போட்டு, டைமிங் லைட்டை அடித்துப் பாருங்கள். கோடு அசையாமல் நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். ஆர்பிஎம் ஏற ஏற கோடு நகர்ந்தால் பெட்டியின் செட்டிங்கில் இன்னும் பிழை இருக்கிறது. 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு செகண்டை 36,000 பங்காக்கியதில் ஒரு பங்கு போதும். அந்த வேகத்தில் நடப்பதைக் கண்ணுக்குக் காட்டுகிற எளிய கருவி, பழைய மெக்கானிக் ஷெட்டுகளின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் இந்த டைமிங் லைட்தான்.

பெட்ரோல் அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஒரு செய்தியைத் தவிர. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். இன்று பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும் என்பதால் இந்தக் கலவைக்குக் கணக்கு 13.5 பக்கம் வருகிறது. 10 சதவீத எத்தனால் இருந்த காலத்தில் எழுதிய மேப்பை இன்று அப்படியே போட்டால், பூஸ்டில் இன்ஜினுக்குக் கிடைக்க வேண்டியதைவிட நாலு சதவீதம் குறைவாகப் பெட்ரோல் போகும். அதனால்தான் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடக்கூடாது என்கிறேன். அது லாம்டா என்ற விகிதத்தைக் காட்டும். டேங்கில் எந்தக் கலவை இருந்தாலும் 1 என்றால் சரியான எரிப்பு. முழு பூஸ்டில் 0.8 பக்கம் வைத்துக்கொள்வது வழக்கம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

பிஸ்டன் அலுமினியம். சுத்த அலுமினியமே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் தலைக்கு மேல் எரிகிற வாயுவோ 2,000 டிகிரிக்கும் மேல். பிறகு எப்படி உருகாமல் இருக்கிறது? பிஸ்டனை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று அசையாமல் படிந்து, சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. நாக்கிங் வந்தால், அதாவது மூலையில் மிஞ்சிய கலவை ஒரே அடியாக வெடித்தால், அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் சுவருக்குச் சுவர் மோதி அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். பிறகு சூடு நேராக அலுமினியத்தில் இறங்கும்.

அந்த அலை ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலிக்கும். சுருதியை நிர்ணயிப்பது சிலிண்டரின் அகலம். எஸ்டீமின் 1,298 சிசி இன்ஜினில் அகலம் 74 மில்லிமீட்டர்; கணக்குப் போட்டால் செகண்டுக்கு ஏறக்குறைய 7,700 அதிர்வு. அகலமான சிலிண்டரில் சுருதி இறங்கும். கார் கம்பெனிகள் பிளாக்கில் பொருத்தும் நாக் சென்சார் இந்தச் சுருதிக்காகவே காத்திருக்கிறது. ஸ்வீடனின் ஸாப் கம்பெனியில் பெர் கில்பிராண்ட் இதை வைத்து ஏபிசி என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். 1982-இல் காரில் வந்தது. பெட்ரோல் மட்டமாக இருந்து நாக்கிங் கேட்டால், அந்தக் கார் தானே பூஸ்டைக் குறைத்துக்கொள்ளும்.

நாக் சென்சார் இல்லாத பழைய இன்ஜினில் ட்யூனர்கள் செய்யும் உபாயம் இன்னும் அழகு. ஏசி மெக்கானிக்கிடம் இருக்கிற தாமிரக் குழாயில் ஒரு துண்டு. ஒரு முனையைச் சுத்தியலால் சப்பையாகத் தட்டி, ஓட்டை போட்டு, சிலிண்டரை ஒட்டிய ஒரு போல்ட்டில் இறுக்குவார்கள். மறுமுனையில் ரப்பர் குழாய் மாட்டி, பானெட்டிலிருந்து காருக்குள் கொண்டுவந்து, கிரைண்டிங் பட்டறையில் மாட்டுகிற காதுறைக்குள் சொருகுவார்கள். மின்சாரம் கிடையாது, சர்க்யூட் கிடையாது. இன்ஜின் உள்ளே பேசுவது நேராகக் காதில் விழும். வால்வுகளின் கடகடப்பு, இன்ஜெக்டர்களின் டிக்டிக், பேரிங் ஓசை எல்லாம் ஒரே இரைச்சலாக வரும். அந்த இரைச்சலுக்கு மேலே கூர்மையாக, உலர்ந்த ஒரு ‘டக்’. அது வந்த கட்டத்தில் டைமிங்கில் இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கிறார் ட்யூனர். மறுபடி ஓட்டுகிறார், மறுபடி கேட்கிறார்.

எங்கள் செம்மண் கொல்லையில் பிடுங்கிய கடலை காய்ந்துவிட்டதா என்று பார்க்க, அப்பத்தா ஒரு பிடியை அள்ளிக் காதருகே குலுக்குவார். பச்சையாக இருந்தால் சத்தமே வராது. நன்றாகக் காய்ந்தால் ஓட்டுக்குள் பருப்பு கலகலவென்று ஆடும். இரண்டுக்கும் நடுவே, மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துவிடும் என்று சொல்கிற ஒரு சத்தம் உண்டு. எங்களுக்கு அது கேட்காது, அவருக்கு மட்டும் கேட்கும். ட்யூனரின் காதும் அப்படிப் பழகியதுதான்.

இனி தம்பியின் இரண்டாவது கேள்வி. மேப் ஃபைல் யாரிடம் கிடைக்கும்? நிறையப் பேரிடம் கிடைக்கும். பென் டிரைவில் கைமாறுகிறது, காசுக்கு விற்கிறார்கள், ஓசியிலும் தருகிறார்கள். வாங்கவே வாங்காதீர்கள். அந்த எண்கள் வேறொரு இன்ஜினிடம் கேட்டு எழுதியவை. அதன் டர்போ வேறு, இன்ஜெக்டர் வேறு, அது குடித்த பெட்ரோல் வேறு. வெயிலும் வேறு. 15 டிகிரி குளிரில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நசுக்கினால், 70 சதவீதத் திறனுள்ள டர்போவிலிருந்து அது சுமார் 105 டிகிரி சூட்டோடு வெளியே வரும். கந்தர்வக்கோட்டை கத்திரி வெயிலின் 40 டிகிரிக் காற்று அதே டர்போவிலிருந்து 138 டிகிரியில் வரும். இன்டர்கூலர் கொஞ்சம் தணித்தாலும் வித்தியாசம் முழுதாகப் போய்விடாது. குளிர்நாட்டில் பாதுகாப்பாக இருந்த டைமிங் இங்கே நாக்கிங்காக மாறும்.

இதைவிட வருத்தம் தருவது வேறொன்று. ‘செக் லைட் எரியுது, நாக் சென்சாரை ஆஃப் பண்ணிக் கொடுங்க’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், செய்துகொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் கத்துவது தெரிந்தே அதன் வாயைக் கட்டுவது அது. பிக்கப் வேண்டும் என்று, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்து எறிவதும் அதே வகை. அந்தப் புகை ஊர்க்காரர்களின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

இது வெள்ளைக்காரன் வித்தை, நமக்குப் பிடிபடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்னாள் பந்தய வீரர் ஜெ. ஆனந்தின் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி கார்களை உருவாக்கியது. 2018-இல் விற்பனைக்கு வந்தன. 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, 114 குதிரைத்திறன். இரண்டே வருடத்தில் அந்தக் கூட்டு முயற்சி முடிந்துபோனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் டர்போ பெட்ரோல் இன்ஜினை நம் வெயிலுக்கும் நம் பெட்ரோலுக்கும் பழக்குகிற அறிவு கொங்கு நாட்டில் இருக்கிறது. தம்பி அங்கே போய், டைனோ வைத்திருக்கும் பட்டறையில் எடுபிடியாகவாவது கொஞ்ச காலம் நின்று காதைப் பழக்கிக்கொண்டால் நல்லது.

டைனோ என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்–புதுக்கோட்டை ரோட்டில் வைத்து ட்யூன் செய்யலாம் என்ற எண்ணமே வர வேண்டாம். ஆதனக்கோட்டையில் ரோட்டோரம் முந்திரி விற்கும் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள், கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் எல்லாம் இருக்கிற ரோடு அது. லேப்டாப்பில் கண்ணும் காதுறைக்குள் காதுமாக முழு த்ராட்டில் மிதிக்கிற இடம் இல்லை. டைனோவில் கார் நின்ற இடத்தில் நிற்கும், உருளைகள்தான் சுற்றும். ஒரு கட்டத்தில் வேண்டிய மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்கலாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய காரை ரோட்டில் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடையாக இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட உண்டு. ஆகவே அந்த எஸ்டீம் டிரெய்லரில் ஏறிப் போக வேண்டிய கார். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயோ, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடமோதான் அதற்கு இடம்.

மூன்றாவது கேள்வி, எவ்வளவு பூஸ்ட். கம்பெனி பிஸ்டன், கம்பெனி கனெக்டிங் ராட் என்றால் அரை பாருக்கு மேல் நான் வைக்க மாட்டேன். கூடும் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி டைமிங் குறைப்பது பட்டறைகளின் பழைய கணக்கு. அரை பார் என்பது ஏழு பிஎஸ்ஐ, ஆகவே ஏழு டிகிரி குறைத்துத் தொடங்குங்கள். பூஸ்ட் 0.6 பாரைத் தாண்டினால் பெட்ரோலை நிறுத்தும்படி பெட்டியில் முதல் நாளே எழுதிவையுங்கள். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் குழாய் ஒன்று கழன்றால் டர்போவை வேறு எதுவும் நிறுத்தாது. உள்ளே வரும் காற்று 60 டிகிரி சூட்டைத் தாண்டும் கட்டங்களில் டைமிங் இன்னும் மூன்று நான்கு டிகிரி குறையட்டும். அந்தக் கட்டங்களை மட்டும் மார்கழியில் எழுதாமல் சித்திரையில் எழுதுங்கள்.