எச்-இண்டெக்ஸ் 6 என்றால் என்ன? கணினி ஆய்வாளரின் எண்களைப் படிக்கும் விதம்

கணினி அறிவியலில் பிஎச்.டி. செய்யலாம் என்று இறங்கியிருக்கிறீர்கள். யாரிடம் சேரலாம் என்று பார்க்க, ஒரு பேராசிரியரின் பெயரை கூகுள் ஸ்காலரில் (ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுளின் தேடுதளம்) தட்டுகிறீர்கள். அவருடைய பக்கத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வருகிறது. சைட்டேஷன்ஸ், எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் என்று மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள்: ஒன்று மொத்தக் கணக்கு, மற்றது அண்மை ஐந்தாண்டுக் கணக்கு.

எண் பெரிதாக இருந்தால் ஆள் கெட்டிக்காரர், சிறிதாக இருந்தால் சுமார் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. அதற்காக அந்தக் கட்டத்தைப் பார்க்காமலே போகவும் வேண்டாம். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

முதலில், சைட்டேஷன் என்றால் என்ன? ஒருவர் கட்டுரை எழுதும்போது, தனக்கு முன் அந்த விஷயத்தில் உழைத்தவர்களின் கட்டுரைகளைக் கடைசியில் பட்டியலிடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன். பாராட்டுவதற்காகவும் சுட்டலாம், "இது தவறு" என்று சொல்வதற்காகவும் சுட்டலாம். எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, எச்-இண்டெக்ஸ்? அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-இல் சொன்ன கணக்கு இது. ஒருவருடைய கட்டுரைகளைச் சைட்டேஷன் அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அடுக்குங்கள். ஒரு கட்டுரையின் வரிசை எண்ணைவிட அதன் சைட்டேஷன் குறையாமல் இருக்கும் வரை இறங்கி வாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ அதுதான் எச்-இண்டெக்ஸ்.

போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ஒன்பது கட்டுரைகள். சைட்டேஷன் முறையே 120, 45, 18, 9, 6, 6, 3, 1, 0. ஆறாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது, சரி. ஏழாவதற்கு 3தான், போதாது. ஆக எச்-இண்டெக்ஸ் 6. ஐ10 என்பது பத்தோ அதற்கு மேலோ சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகளின் எண்ணிக்கை. இங்கே அது 3. மொத்தச் சைட்டேஷன் 208.

இப்போது இன்னொருவர். அவருடைய ஆறு கட்டுரைகளுக்கும் தலா ஆறு சைட்டேஷன். மொத்தமே 36. அவருக்கும் எச்-இண்டெக்ஸ் 6தான். மூன்றாமவர் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதினார், அதற்கு 5,000 சைட்டேஷன். அவருக்கு 1. மூவரில் யாரிடம் படிக்க விரும்புவீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த எண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது ஏறுமே தவிர இறங்காது. ஆய்வை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலும், பழைய கட்டுரைகளை மற்றவர்கள் சுட்டச் சுட்ட ஏறிக்கொண்டே போகும். அதனால் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டு ஆன இளம் ஆசிரியரையும் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரையும் இதை வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஐந்தாண்டுக் கணக்கு என்ற இரண்டாவது எண் அதற்காகத்தான் இருக்கிறது. அதை முதலில் பாருங்கள்.

"எச்-இண்டெக்ஸ் எவ்வளவு இருந்தால் நல்லது?" இந்தக் கேள்வி எப்படியும் வரும். ஹிர்ஷ் தன் கட்டுரையில், பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணிக்கு 12 அளவும், முழுப் பேராசிரியர் பதவிக்கு 18 அளவும் என்று ஒரு உத்தேசம் சொன்னார். அது இயற்பியலாளர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. கணினித் துறைக்கு அப்படியே பொருத்த முடியாது.

கணினித் துறைக்குள்ளேயே கூடப் பொதுவான அளவுகோல் கிடையாது. படங்களை இயந்திரம் அடையாளம் காண்பதற்கான 'ரெஸ்நெட்' கட்டுரை 2016-இல் வெளியானது. கூகுள் ஸ்காலரில் அதன் சைட்டேஷன் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஸ்டீஃபன் குக் 1971-இல் எழுதிய கட்டுரை, எந்தக் கணக்குகளைக் கணினியால் விரைவில் தீர்க்க முடியும் என்ற ஆய்வில் ஒரு புதிய கிளையையே தொடங்கிவைத்தது. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதையும் அவருக்கு வாங்கித் தந்தது. அதன் சைட்டேஷன் ரெஸ்நெட்டின் பக்கத்தில்கூட வராது. செயற்கை நுண்ணறிவில் ஆள் அதிகம், கட்டுரை அதிகம், சைட்டேஷனும் மழையாகக் கொட்டுகிறது. கோட்பாட்டுப் பக்கம் ஆள் குறைவு, ஒரு நிரூபணத்துக்கே ஓராண்டு போய்விடும். ஆகவே ஒப்பிடுவதானால் ஒரே உட்பிரிவில், ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களை ஒப்பிடுங்கள்.

அடுத்து, உங்களைக் குழப்பக்கூடிய ஒரு விஷயம். ஒருவருக்கு கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோபஸில் ஓர் எண், வெப் ஆஃப் சயன்ஸில் வேறோர் எண் இருக்கும். யாராவது பொய் சொல்கிறார்களா? இல்லை. கூகுள் ஸ்காலர் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும்: ஆய்வேடு, இன்னும் மதிப்பிடப்படாத முன்வரைவு, கல்லூரி இணையதளத்தில் கிடக்கும் கோப்பு வரை. மற்ற இரண்டும் கட்டணத் தளங்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்கள், சில மாநாடுகள் போன்றவற்றை மட்டுமே எண்ணும். யாராவது எச்-இண்டெக்ஸ் 25 என்று சொன்னால், "எந்தத் தளத்தில்?" என்று கேளுங்கள்.

மாநாடு என்றதும் ஒரு சந்தேகம் வரும். மற்ற அறிவியல்களில் மாநாடு என்றால் போய்ப் பேசிவிட்டு வருவது. பெருமை எல்லாம் ஆய்விதழுக்குத்தான். கணினித் துறையில் கதை வேறு. இங்கே பல உட்பிரிவுகளில் தலைசிறந்த கட்டுரைகள் மாநாட்டில்தான் வருகின்றன. முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டும், துறைக்காரர்கள் படித்து மதிப்பிடுவார்கள், பெரிய மாநாடுகளில் நான்கில் மூன்று திரும்பி வந்துவிடும். ஆய்விதழில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால் விஷயமே பழசாகிவிடும் என்பதுதான் காரணம்.

இதைப் பிற துறையினருக்குப் புரியவைக்க, அமெரிக்காவின் கணினி ஆய்வுச் சங்கம் 1999-இலேயே ஒரு குறிப்பு வெளியிட்டது. டேவிட் பேட்டர்சன், லாரன்ஸ் ஸ்னைடர், ஜெஃப்ரி உல்மன் ஆகிய மூவர் எழுதியது. கணினிக்காரர்களை மதிப்பிடும்போது மாநாட்டுக் கட்டுரைகளையும், அவர்கள் உருவாக்கிய மென்பொருள், கருவி போன்றவற்றையும் கணக்கில் எடுங்கள் என்பதுதான் சாரம். இத்தனை ஆண்டு கழித்தும் "ஜர்னல் எத்தனை?" என்று மட்டும் கேட்கும் தேர்வுக் குழுக்கள் இருக்கின்றன.

மாநாட்டின் தீர்ப்பு மட்டும் துல்லியமா என்றால், அதுவும் இல்லை. 2014-இல் நியூரிப்ஸ் என்னும் பெரிய செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் ஒரு சோதனை செய்தார்கள். வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். கால்வாசிக் கட்டுரைகளுக்கு இரு குழுக்களும் எதிரெதிர் முடிவு சொல்லின. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றது நிராகரித்திருந்தது. உங்கள் கட்டுரை ஒரு முறை திரும்பி வந்தால் மனம் உடைந்து போகாதீர்கள்.

இந்த எண்களை ஏமாற்றி ஏற்ற முடியுமா? தாராளமாக. மேலே பார்த்த ஒன்பது கட்டுரைக்காரரையே எடுங்கள். 6-ஐ 7 ஆக்க அவருக்கு என்ன வேண்டும்? ஐந்தாவது, ஆறாவது கட்டுரைகளுக்குத் தலா ஒரு சைட்டேஷன், ஏழாவதற்கு நான்கு. மொத்தம் ஆறே ஆறு, சரியான இடத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான். அடுத்து எழுதும் நான்கு கட்டுரைகளில் தன்னுடைய இந்த மூன்றையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. 120 சைட்டேஷன் வாங்கிய அந்த நல்ல கட்டுரைக்கு இன்னும் ஆயிரம் வந்தாலும் இந்த எண் அசையாது.

இதை அதன் எல்லை வரை கொண்டுபோய்க் காட்டியவர் பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த சிரில் லாபே. எம்ஐடி மாணவர்கள் 2005-இல் 'எஸ்சிஐஜென்' என்றொரு நிரலை விளையாட்டாக எழுதியிருந்தார்கள். பொத்தானைத் தட்டினால் பொருளற்ற கணினிக் கட்டுரையை அசல் போலவே தயாரித்துத் தரும். லாபே அதைக் கொண்டு ஏறத்தாழ நூறு கட்டுரைகளை உருவாக்கி, ஒன்றையொன்று சுட்டவைத்து, ஐக் அன்ட்கேர் என்னும் இல்லாத ஆளின் பெயரில் இணையத்தில் போட்டார். 2010-இல் கூகுள் ஸ்காலர் தரவின்படி அந்த ஆளின் எச்-இண்டெக்ஸ் 94, ஐன்ஸ்டீனுக்கும் மேலே. பிறகு லாபே அதே நிரலின் கைவண்ணத்தை அசல் மாநாட்டுத் தொகுப்புகளிலேயே கண்டுபிடிக்க, 2014-இல் ஸ்பிரிங்கர், ஐஇஇஇ ஆகிய பெரிய பதிப்பகங்கள் 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்க வேண்டி வந்தது.

எண்ணில் அகப்படாமலே உலகத்தை மாற்றிய வேலையும் உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலை பற்றி எழுதியதை 1991-இல் ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாடு கட்டுரையாக ஏற்கவில்லை. செயல்விளக்கத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. லெஸ்லி லாம்போர்ட் 1990-இல் அனுப்பிய 'பாக்ஸோஸ்' கட்டுரை (பல கணினிகள் சேர்ந்து ஒரே முடிவுக்கு வரும் முறை) அச்சேறியது 1998-இல். 1995-இல் அவருக்கு மதிப்பெண் போட்டிருந்தால் அந்த வேலைக்குப் பூஜ்யம். இருவருக்கும் பின்னால் டூரிங் விருது கிடைத்தது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். கைடு (ஆய்வு நெறியாளர்) தேடுகிறவர் எங்கே பார்க்க வேண்டும்? டிபிஎல்பி என்று ஒரு தளம் இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கியது, இலவசம், கணினித் துறைக்கு மட்டுமானது. சைட்டேஷன் எண்ணால் மிரட்டாது. யார், யாருடன், எந்த ஆண்டு, எங்கே எழுதினார்கள் என்பதை வரிசையாகத் தரும். மாநாட்டுக் கட்டுரைக்கு நீலக் கட்டம், ஆய்விதழுக்குச் சிவப்பு, முன்வரைவுக்குச் சாம்பல். அண்மை ஆண்டுகள் முழுக்கச் சாம்பலாக இருந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

அந்தப் பட்டியலில் பெயர் வரிசையைப் பாருங்கள். கணினி அமைப்பு, செயற்கை நுண்ணறிவு போன்ற பிரிவுகளில் வேலையைச் செய்த மாணவர் முதலிலும் கைடு கடைசியிலும் இருப்பது வழக்கம். மாணவர் பெயர் எங்குமே முதலில் வராவிட்டால் அது நல்ல அறிகுறி அல்ல. ஆனால் கோட்பாட்டுப் பிரிவில் பெயர்களை அகர வரிசையில் போடுவார்கள். அங்கே முதல் பெயருக்கு எந்தச் சிறப்பும் கிடையாது. இது தெரியாமல் "முதல் ஆசிரியர் கட்டுரை எத்தனை" என்று கேட்கும் விண்ணப்பப் படிவங்களில் அடிபடுவது கோட்பாட்டுக்காரர்கள்தான்.

நீங்களே எழுதத் தொடங்கிவிட்டீர்களா? பெயர் விஷயத்தில் கவனம். நம் ஊரில் இனிஷியல் வழக்கம் உண்டு. கல்லூரிச் சான்றிதழில் 'எஸ். குமார்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்து நிற்கும், கட்டுரையில் 'குமார் எஸ்.'. தளங்கள் இவற்றை மூன்று ஆட்களாகப் பிரிக்கும், அல்லது நாட்டில் உள்ள எல்லா எஸ். குமாரையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிடும். முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து அதையே கடைசி வரை பயன்படுத்துங்கள். ஆர்சிட் எண்ணும் (ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்) எடுத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை.

கல்லூரியில் ஏன் "ஸ்கோபஸ் பேப்பர் போடு" என்று துரத்துகிறார்கள்? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை, ஆய்வுக்கான மதிப்பெண்ணுக்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் எண்ணிக்கைகளை எடுத்துக்கொள்கிறது. அந்த அழுத்தம் நிர்வாகத்திலிருந்து ஆசிரியருக்கும், ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் இறங்குகிறது. நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த அழுத்தத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். "பத்து நாளில் ஸ்கோபஸ் ஆய்விதழில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று மின்னஞ்சலிலும் வாட்ஸப்பிலும் வரும். பணம் கட்டும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஸ்கோபஸ் தன் இதழ்ப் பட்டியலை இலவசமாகவே வெளியிடுகிறது. அதில் அந்த இதழ் இப்போதும் இருக்கிறதா, நீக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். அடுத்து, அந்த இதழில் ஏற்கெனவே வந்த இரண்டு கட்டுரைகளைத் திறந்து படியுங்கள். படிக்கும்போதே சிரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். தரமான இதழ்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது. தரம் பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிக்கும் உங்களுக்கும்தான்.

கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய அண்மைக் கட்டுரைகளில் ஒன்றின் முன்னுரையையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். பிறகு அவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், வாரம் ஒரு முறையாவது கைடு உட்கார்ந்து பேசுகிறாரா, முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தச் சின்னக் கட்டத்தில் இவை எதுவும் இருக்காது.