முன்சக்கரம் தொடாத தூரம்

சாலையில் விழுந்த எங்கள் மாணவியை எந்த வண்டியும் இடிக்கவில்லை. வேங்கிக்காலில் வேலூர் சாலையோரமாக நான்கு பிள்ளைகள் பேசிக்கொண்டே வீடு திரும்பியிருக்கிறார்கள். குறுக்கே நாய் ஓடியது. முன்னால் போனவள் பிரேக் பிடித்தாள். பின்னால் வந்தவளின் முன்சக்கரம் அவளுடைய பின்சக்கரத்தில் உரசியது. முன்னவள் அப்படியே நிற்க, பின்னவள் சாலைப் பக்கம் சாய்ந்து விழுந்தாள். பின்னால் வந்த லாரி நின்றுவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் மறுநாள் அவள் சொன்னது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. “அப்பா இனிமே பஸ்லயே போன்னு சொல்லிட்டாரு மிஸ். நாலரை பஸ்ஸ விட்டா எங்க ஊருக்கு ஆறரைக்குத்தான். ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்க முடியாது.” 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06இல் மற்ற மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம் பெண்பிள்ளைகளுக்குத் தந்தது சக்கரத்தை மட்டுமல்ல, நேரத்தையும்தான். ஒரு சிராய்ப்பில் அது கைவிட்டுப் போகும் என்றால், மிதிவண்டியைக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

ஏன் பின்னால் வந்தவள் மட்டும் விழுந்தாள்? இதைப் பிள்ளைகளிடமே கேட்டேன். மிதிவண்டி ஒரு பக்கம் சாயும்போது நாம் அறியாமலே ஹேண்டில்பாரை அதே பக்கம் சிறிது திருப்பி, சக்கரத்தை நம் உடலுக்குக் கீழே கொண்டுவருகிறோம். சமநிலையின் இரகசியம் அதுதான். முன்சக்கரம் இன்னொரு சக்கரத்தில் உரசி நின்றால் அந்தப் பக்கம் திருப்ப வழியில்லை. சாய்ந்தவர் விழ வேண்டியதுதான். முன்னால் செல்பவருக்கு உரசியது பின்சக்கரம் என்பதால் அவருடைய ஹேண்டில்பார் தடைபடுவதில்லை. குழுவாகச் செல்லும் புதியவர்களுக்கு முதல் ஆபத்து பல நேரங்களில் பக்கத்தில் வரும் தோழிதான்.

உடற்கல்வி ஆசிரியரும் நானும் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பயிற்சியைத் தொடங்கினோம். கணக்கு எளிது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். முன்னால் போகிறவர் நிற்பதைக் கண்டு, நம் விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 4 மீட்டர் போய்விடுவோம். ஒரு மிதிவண்டியின் நீளம் சுமார் 1.8 மீட்டர். ஆகவே இரண்டு வண்டி நீளம் குறைந்தபட்ச இடைவெளி, புதியவர்களுக்கு மூன்று. மழையில் விளிம்பு நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது, அப்போது இன்னும் கூடுதல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று வண்டி இடைவெளியில் பத்துப் பேர் வரிசையாகப் போனால் வரிசையின் நீளம் 66 மீட்டரைத் தாண்டும். பேருந்து ஓட்டுநர் அதை ஒரே மூச்சில் முந்த முடியாமல், நடுவில் ஒடித்து நுழைவார். ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் ஒரு குழு 31 மீட்டருக்குள் அடங்கும். இரு குழுக்களுக்கும் நடுவே ஒரு பேருந்து ஒதுங்கும் இடம் விட்டுவிட வேண்டும்.

வரிசையில் யார் எங்கே என்பதும் முக்கியம். வேகமானவரை முன்னால் விட்டால், பின்னால் இருப்பவர் விட்டதைப் பிடிக்க விரட்டி மிதித்தே களைத்துப்போவார். நாங்கள் மெதுவாக ஓட்டும் பிள்ளையை இரண்டாவது இடத்தில் வைத்தோம்; முதலில் செல்பவர் அவளுடைய மூச்சுக்கு ஏற்ப மிதிக்க வேண்டும். நன்கு ஓட்டுபவர் கடைசியில். முன்னவர் “பள்ளம்”, “நிக்கிறேன்” என்று குரல் கொடுப்பார். கடைசியில் இருப்பவர் “வண்டி வருது” என்பார். ஒவ்வொருவரும் அதைத் திருப்பிச் சொல்லிக் கடத்துவார்கள். கையால் சைகை காட்டச் சொல்லும் வழக்கம் உண்டு. தொடக்கத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து. ஒற்றைக் கையால் ஓட்டத் தெரியாத பிள்ளை பள்ளத்தைக் காட்டப்போய்ப் பள்ளத்திலேயே விழும்.

மைதானத்துக்குப் பிறகு, பௌர்ணமி அல்லாத ஒரு ஞாயிறு காலை கிரிவலப் பாதைக்குப் போனோம். 14 கிலோமீட்டர். மலையை வலப்புறம் வைத்துச் சுற்றும் பக்தர்கள் சாலையின் இடதுபக்கமாக நடப்பது மரபு. நாமும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறோம். ஆகவே நடப்பவர்களின் முதுகுதான் நமக்குத் தெரியும், அவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். அருகில் வந்து மணி அடித்தால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே அடித்து, வேகம் குறைத்து, பின்னால் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக விலகப் பழகினார்கள்.

நம் மாவட்டத்துச் சாலைகளுக்கென்று சில பாடங்கள் உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்மீது திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. இறங்கித் தள்ளுவதே நல்லது. கரும்பு டிராக்டரின் பக்கவாட்டில் கழிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒட்டிப் போகக் கூடாது. நின்றிருக்கும் லாரி, பேருந்தின் இடப்பக்கம் நுழையவே கூடாது: ஓட்டுநருக்கு அங்கே நிற்பவர் தெரிவது அரிது, வண்டி இடதுபக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே தள்ளி வரும். புத்தகப்பை கேரியரில்தான், ஹேண்டில்பாரில் அல்ல.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி கற்றுத்தந்தபோது, கற்றவர்களே அடுத்தவருக்குக் கற்பித்தார்கள். எங்கள் பிள்ளைகளும் இப்போது ஒன்பதாம் வகுப்பினருக்குக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். விழுந்த மாணவியின் அப்பா ஒரு மாலை மைதானத்து வேலியோரம் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, மட்கார்டில் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய மிதிவண்டியில் அவள் வந்தாள்.

பேச்சைத்தான் இன்னும் நிறுத்த முடியவில்லை. வரிசையில் போனால் எப்படி மிஸ் பேசுவது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. பெரிய சாலை முடிந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் இறங்கி, பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே பேசிக்கொள்ளுங்கள் என்று உடன்பாடு செய்திருக்கிறோம்.