லக்கல வழியும் இருவிசை ஊர்தியும்

வேறுபட்ட இரண்டு ஆற்றல் ஊற்றுகளிலிருந்து விசை பெற்றுத் தன் சில்லுகளைச் சுழற்றும் ஊர்தி இருவிசை ஊர்தி எனப்படும். கடைத்தெரு அதனை 'ஹைபிரிட்' என்று அழைக்கும். பெற்றோல் என வழங்கும் கன்னெய்யை எரித்து இயங்கும் உள்ளெரி பொறி அதன் முதல் ஊற்று; மின்கல அடுக்கிலிருந்து மின்னைப் பெற்றுச் சுழலும் மின்னோடி இரண்டாவது. இவ்விரண்டும் எவ்வொழுங்கில் பிணைக்கப்பட்டுள்ளன என்பதே ஊர்தியின் இயல்பை வகுக்கிறது. பொறி மின்னை ஆக்க, அம்மின்னால் சில்லு ஓடும் அமைப்பை ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900 ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். ஆயினும் அக்கருத்து பொதுமக்கள் வாங்கும் பொருளாவதற்கு, 1997 திசம்பரில் டொயோட்டாவின் பிரியஸ் யப்பானில் விற்பனைக்கு வரும்வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. இன்று இலங்கைச் சாலைகளில் இவ்வகை ஊர்திகள் பலவாய் ஓடுகின்றன. மாத்தளை மாவட்டத்தின் மலைமடிப்பில் கிடக்கும் லக்கலயிலிருந்து நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று மீளவேண்டிய ஒருவர் அவற்றுள் எதனைத் தேர்வது என்பது இங்கே நாம் ஆராயப் புகும் வினா.

முதற்கண் இருவிசை ஊர்தி எவ்வாறு எரிபொருளை மிச்சப்படுத்துகிறது என்பதனைத் தெளிதல் வேண்டும். உள்ளெரி பொறி எல்லா நிலைகளிலும் ஒரே திறத்துடன் உழைப்பதில்லை. தனக்கு ஒத்த சுமையும் சுழற்சியும் வாய்க்கும்போது, இன்றைய நற்பொறி கன்னெய்யின் வெப்பத்தில் 35 முதல் 40 விழுக்காடு வரை உழைப்பாக மாற்றும். குறைந்த சுமையில் ஊர்ந்து செல்லும்போதோ அப்பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மின்னோடி உடனிருக்கையில் அந்தக் குறைசுமை வேளைகளில் பொறியை நிறுத்திவிடலாம். இயங்க வேண்டிய வேளையில் அதற்கு ஒத்த சுமையைக் கொடுத்து, மிஞ்சும் உழைப்பை மின்னாக்கித் தேக்கலாம். ஜேம்ஸ் அட்கின்சன் 1882 இல் வகுத்த சுழற்சிமுறையின் பயனும் இங்கேதான் கைகூடுகிறது. அம்முறையில் அமுக்கத்தைவிட விரிவு நீண்டது; நுழைவு அடைப்பிதழைப் பிந்தி மூடுவதால் இன்றைய பொறிகள் அதனை எய்துகின்றன. திறன் உயர, இழுவிசை குறையும். குறைந்த இழுவிசையை மின்னோடி ஈடுசெய்யும். இவற்றோடு மீட்புத் தடுப்பும் சேர்கிறது: தடுப்பு மிதியை மெல்ல அழுத்தும்போது மின்னோடியே மின்னாக்கியாக மாறி, வெப்பமாய் வீணாக வேண்டிய ஓட்ட ஆற்றலை மின்கல அடுக்குக்குத் திருப்புகிறது.

இவற்றுள் மீட்புத் தடுப்பின் பயன் நின்றும் நகர்ந்தும் செல்லும் நகர்ச்சாலைக்கே பெரிதும் உரியது. கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் காலை நெரிசலில் சிக்கும் ஊர்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிதளவு ஆற்றலை மீட்கிறது. சீராக ஓடும் நெடுஞ்சாலையில் மீட்பதற்கு எதுவுமில்லை. அங்கே இரண்டு தடைகளை வெல்வதே வேலை. ஒன்று சில்லின் உருளல் தடை. அது விரைவோடு பெரிதும் மாறுவதில்லை. மற்றொன்று காற்றுத்தடை, அது விரைவின் இருமடியாய் வளர்கிறது. 1400 கிலோகிராம் நிறையும் நன்கு வழிந்த உருவும் உடைய ஒரு மகிழுந்தை மணிக்கு 70 கிலோமீட்டர் விரைவில் சமதரையில் செலுத்த ஏறத்தாழ 5 கிலோவாற்று போதும். 100 கிலோமீட்டர் விரைவுக்கு ஏறத்தாழ 11 கிலோவாற்று வேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது என்பதே இதன் பொருள். ஆகவே நீள்வழி செல்வோர் ஊர்தியின் மேனியை முதலில் நோக்கவேண்டும். 2009 இல் வந்த மூன்றாந் தலைமுறைப் பிரியஸின் காற்றுத்தடைக் கெழு 0.25. நிமிர்ந்த பெட்டி போன்ற சிற்றுந்துகள் உள்ளிடத்தில் தாராளமானவை. விரைவுச்சாலையில் அத்தாராளத்தின் விலையைக் கன்னெய்யாய்க் கறந்துவிடும்.

இனி வழிக்கு வருவோம். லக்கலயிலிருந்து வெளிவர இரண்டு வாயில்கள் உள்ளன. பல்லேகம, இலுக்கும்புர, பிட்டவல பத்தனை ஆகியவற்றைக் கடந்து, முகிலும் பெருங்காற்றும் மோதும் ரிவஸ்டன் கணவாய் ஏறி, இரத்தோட்டை வழியாய் மாத்தளைக்கு இறங்குவது ஒன்று. களுகங்கை நீர்த்தேக்கத்துக்குப் பழைய ஊர்ப்பகுதி இடம்விட்டு விலக, 2019 இல் திறக்கப்பட்ட புதுநகரிலிருந்து மொரகஹகந்தப் பக்கமாய் நாவுலவை அடைந்து, ஏ-9 நெடுஞ்சாலையில் சேர்வது மற்றொன்று. முதல்வழி அழகானது; அது ஊடறுத்துச் செல்லும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 இல் உலக மரபிடமாய் ஏற்கப்பட்ட நடுமலைநாட்டின் ஒரு கூறு. ஆனால் நாள்தோறும் அழகைக் காணப் போவோர் சிலரே. பெரும்பாலோர்க்கு நாவுல வழியே உகந்தது. அங்கிருந்து தெற்கே மாத்தளையும் கண்டியும். கிழமைக்கு ஒருமுறை கொழும்பு செல்வோர்க்குத் தென்மேற்கே உள்ள குருநாகலை அடைந்து, 2022 சனவரியில் திறக்கப்பட்ட மீரிகம–குருநாகல் விரைவுச்சாலை. ஆக, ஒரே ஊர்தி செங்குத்தான மலையையும், 70 கிலோமீட்டர் விரைவெல்லை கொண்ட நெடுஞ்சாலையையும், 100 கிலோமீட்டர் விரைவுச்சாலையையும், இடையிடையே நெரிசலையும் தாங்கவேண்டும். நான்கிலும் ஒருசேரச் சிறக்கும் அமைப்பு அரிது.

பிணைப்பின் ஒழுங்கைக் கொண்டு இருவிசை ஊர்திகளை வகுப்போம். பொறி மின்னை ஆக்குவதோடு நின்றுவிட, சில்லை மின்னோடி மட்டுமே ஓட்டுவது தொடர்முறை. 2016 இல் வந்த நிசான் நோட்டின் 'இ-பவர்' இவ்வகை. டொயோட்டா ரைஸின் இருவிசை உருவும் இவ்வகையே. நகரில் இதன் ஓட்டம் மிக மென்மையானது. ஆனால் நெடுஞ்சாலையில் பொறியின் உழைப்பு மின்னாகி, அம்மின் மீண்டும் உழைப்பாக வேண்டியிருப்பதால், இரு மாற்றத்திலும் இழப்பு நேர்கிறது. பல்லிணை வழியாய் நேரே சென்றிருந்தால் அவ்விழப்பு மிகச் சிறிதே. பொறியும் மின்னோடியும் ஒரே தண்டில் தோள்கொடுப்பது இணைமுறை. 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட்டும் அதனைத் தொடர்ந்த வெசலும் ஏழு படிப் பல்லிணைப் பெட்டியும் இரட்டை உலர் பிடியிணையும் கொண்ட இணைமுறையின. சீரான நெடுஞ்சாலையில் இவை நன்றாய் ஓடும். ஏற்றத்தில் நெரிசலோடு ஊர நேரும்போது உலர் பிடியிணை சூடேறும் என்பதனை மலைநாட்டார் மறத்தலாகாது. சுசுக்கி வேகன் ஆர் முதலியவற்றில் உள்ளது மென்முறை: ஏறத்தாழ இரண்டு கிலோவாற்று அளவான சிறு மின்னோடி, தொடக்கத்தில் கைகொடுத்து ஓய்கிறது. அதன் சிக்கனம் பெரிதும் குறைந்த எடையாலும் 660 கனசென்ரிமீற்றர்ப் பொறியாலும் வருவது. மின்னால் வருவது சிறுபங்கு.

நான்காவது பகிர்முறை. டொயோட்டாவின் பிரியஸ், அக்குவா, அக்சியோ ஆகியவற்றின் உள்ளே இருப்பது இதுவே. நடுவில் ஞாயிறென ஒரு பல்லிணை. அதனைச் சூழ்ந்து வரும் கோள்களென நான்கு சிறு பல்லிணைகள். அவற்றை உள்ளடக்கி வெளியே ஒரு வளையம். பொறி கோள்தாங்கியைச் சுழற்றுகிறது; மின்னாக்கி ஞாயிற்றைப் பற்றியுள்ளது; சில்லுகளும் மின்னோடியும் வளையத்தோடு இயங்குகின்றன. பிரியஸில் ஞாயிற்றுக்குப் பற்கள் 30, வளையத்துக்கு 78. ஆகவே பொறியின் முறுக்குவிசையில் 108 இல் 78 பங்கு, அதாவது 72 விழுக்காடு, எந்நிலையிலும் நேரே வளையத்துக்குப் போகிறது. எஞ்சிய 28 விழுக்காடு மின்வழியாய்ச் சுற்றிவருகிறது. படிமாற்றமில்லை, தேய்ந்து நழுவும் பிடியிணை இல்லை, பட்டையில்லை. மின்னாக்கியின் சுழற்சியை ஏற்றியும் இறக்கியும் பொறியை அதற்கு ஒத்த நிலையிலேயே நிறுத்தி வைக்கலாம். பற்களின் எண்ணிக்கை ஒன்றே இத்தனை வேலையையும் பங்கிடுகிறது.

தொடர்முறைக்கு நேர்வழி ஒன்றைச் சேர்த்ததும் உண்டு. 2020 இல் ஃபிட்டிலும் 2021 இல் வெசலிலும் ஹொண்டா கொணர்ந்த அமைப்பில், நகரோட்டத்தில் மின்னோடி மட்டும் சில்லை ஓட்டும். நெடுஞ்சாலை விரைவில் ஒரு பிடியிணை பூட்டிக்கொண்டு பொறியைச் சில்லோடு நேரே பிணைக்கும். நெடுவழி செல்வோரை எண்ணிச் செய்தது போன்ற ஏற்பாடு இது.

இனி மலை. ஆற்றல் மீட்பைப் பற்றிய பெரும் பிழைக்கணக்கு இங்கேதான் நிகழ்கிறது. 1400 கிலோகிராம் ஊர்தி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 0.38 கிலோவாற்று மணி. உருளல் தடையும் மாற்ற இழப்பும் போக, பாதியளவு மின்கல அடுக்கை அடைகிறது எனக் கொள்வோம். மூன்றாந் தலைமுறைப் பிரியஸின் நிக்கல்–மாழை நீரக அடுக்கின் முழுக்கொள்ளளவு 1.3 கிலோவாற்று மணி. வாழ்நாள் கருதி அதன் நடுப்பகுதி மட்டுமே பயன்படுத்தப்படுவதால், கைக்கு எட்டுவது அரைக் கிலோவாற்று மணியளவே. இருநூற்றைம்பது மீட்டர் இறக்கத்திலேயே அது நிறைந்துவிடும். அக்குவாவின் அடுக்கு இன்னும் சிறியது. பெருமழைக்கு முன் சிறுகுளம் போன்று அடுக்கு நிரம்பி வழிய, ரிவஸ்டன் இறக்கத்தின் பெரும்பகுதி மீட்பின்றியே கழிகிறது. அந்நிலையில் தடுப்புமிதியை மட்டும் நம்பினால் உராய்வுத் தடுப்புகள் காய்ந்து சோரும். தெரிமாற்றுக் கோலில் 'பி' என்னும் குறி இதற்கென உள்ளது. அதில் இட்டால் எரிபொருளின்றியே பொறி சுழன்று ஊர்தியை அடக்கும். இறக்கத்தின் தொடக்கத்திலேயே அதனை இடுதல் வேண்டும். நகரில் அதனைத் தீண்டாமல் ஊர்தியை விற்றவர்கள் பலர். மலைநாட்டார்க்கு அது நாள்தோறும் வேண்டும் கருவி.

ஏற்றத்தில் வேறொரு குறை. நீண்ட மேட்டில் அடுக்கு வற்றிவிட்டால் மின்னோடியின் துணை சுருங்கிப் பொறியின் வலிமையே எஞ்சும். ஆகவே மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் சற்றுப் பெரிய பொறியே சிக்கனமானது. இது முரண்போலத் தோன்றினும் உண்மை. பிரியஸ் 2009 இல் தன் 1.5 லீற்றர்ப் பொறியை விடுத்து 1.8 லீற்றரை ஏற்றது நெடுஞ்சாலைச் சிக்கனத்தை முன்னிட்டே: பெரிய பொறி குறைந்த சுழற்சியில் அதே வேலையைச் செய்துவிடும். இலங்கையின் வரியோ பொறியின் கொள்ளளவைக் கொண்டு ஏறுகிறது. அதனால் வாங்குவோர் 1000, 1500 கனசென்ரிமீற்றர் எல்லைகளுக்குள் ஒதுங்குகின்றனர். 2020 மார்ச்சில் தொடங்கிய இறக்குமதித் தடை தனியார் மகிழுந்துகளுக்கு 2025 பெப்ரவரியில் நீங்கிய பின்னும், இவ்வொதுக்கம் மாறவில்லை. சாலைக்கு ஏற்ற பொறியை அறிவியல் ஒருபுறம் காட்ட, வரி மறுபுறம் இழுக்கிறது. வாங்குவோர் இரண்டுக்கும் இடையில் நிற்கின்றனர்.

பழைய ஊர்தி வாங்குவோர் மேனியின் மினுக்கைவிட மின்கல அடுக்கின் நலத்தை ஆராய்தல் வேண்டும். அடுக்கின் பகை வெப்பம். அதனைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கை அருகிலுள்ள துளைவழியே உட்செல்கிறது. அத்துளையைப் பொதிகளால் மூடுவதும், மண்சாலைப் புழுதி விசிறியில் படிய விடுவதும், நல்ல அடுக்கை முன்னதாகவே மூப்படையச் செய்யும். விசிறியைக் கழற்றித் துடைப்பது சிறுவேலை. அடுக்கை மாற்றுவது பெருஞ்செலவு. பட்டறிவுள்ள பணிமனையில் கணிப்பொறி கொண்டு ஒவ்வொரு கலத்தொகுதியின் மின்னழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள்.

நாவுல வழியாய் மாத்தளைக்கோ கண்டிக்கோ நாள்தோறும் செல்வோர்க்குப் பகிர்முறை ஊர்தியே முதல் தேர்வு. அவர்களுள் பணம் இடங்கொடுப்போர் 1.8 லீற்றர்ப் பிரியஸையும், வரியெல்லைக்குள் நிற்போர் 1.5 லீற்றர் அக்சியோவையும் கொள்க. குருநாகல் விரைவுச்சாலையை மிகுதியாய் ஆள்வோர்க்கு நேர்பிணைப்புள்ள புதிய ஹொண்டாக்கள் நிகரானவை. தொடர்முறையும் மென்முறையும் நகரவர்க்கு நல்லன. லக்கலக்காரர் அவற்றைத் தவிர்க்கலாம்.