நடைபாதையும் நம் வியாபாரமும்

நடந்தும் சைக்கிளிலும் வருவோரே மளிகைக் கடையின் அன்றாட வாடிக்கையாளர்கள். அவர்களுக்குப் பாதை அமைக்க அரசு நிதி வேண்டும். ஊராரும் கைகொடுத்தால்தான் அது பலன் தரும்.

நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1991-இல், ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்துடன் சைக்கிளும் கற்பித்தது. தொண்டர்கள் பழக்கினர், சைக்கிள் வாங்க வங்கிக் கடன் ஏற்பாடானது. பஸ்ஸுக்குக் காத்திராமல் பெண்கள் சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்தனர். சைக்கிள் விற்பனையும் பெருகியது.

சென்னை மாநகராட்சி 2014-இல், போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஒதுக்குவதெனக் கொள்கை வகுத்தது. ஜீயபுரம் போன்ற கரூர் சாலை ஊர்களுக்கும் இத்தகைய நிதியை நமது சங்கம் கேட்க வேண்டும்.

கேட்குமுன், கடை வாசலில் அடுக்கிய மூட்டைகளை உள்ளே எடுப்போம். அவையே பிள்ளைகளை லாரிகளுக்கு நடுவே இறக்கிவிடுகின்றன.