நியூவார்க்கின் மண்கோட்டை

இங்கிலாந்தில் 1642ஆம் ஆண்டு மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, இரு தரப்பினரும் தம் வசமிருந்த ஊர்களைச் சுற்றி அவசர அவசரமாக மண்ணரண்களை எழுப்பினர். லண்டனைச் சுற்றி ஏறத்தாழ 11 மைல் நீளத்துக்கு எழுப்பப்பட்ட அரண் உட்பட அவற்றுள் பெரும்பாலானவை வீடுகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் மறைந்துவிட்டன. அவ்வாறு மறையாமல், கட்டப்பட்ட வடிவம் கண்ணுக்குத் தெரியுமாறு எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானது, நாட்டிங்காம்ஷயரில் உள்ள நியூவார்க் நகரின் 'குயின்ஸ் ஸ்கான்ஸ்' என்னும் மண்கோட்டை. ஸ்கான்ஸ் என்பது ஊரின் மதிலோடு சேராமல் தனித்து நின்று காவல் புரியும் சிறு கோட்டையைக் குறிக்கும்.

லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருவழியும் ரோமானியர் அமைத்த ஃபாஸ் சாலையும் டிரென்ட் ஆற்றை ஒட்டிச் சந்திக்கும் இடத்தில் இருந்ததால், மன்னர் தரப்பினர் நியூவார்க்கை விட்டுக்கொடுக்கத் துணியவில்லை.

கோட்டைக்கு மண்ணைத் தேர்ந்தது வறுமையால் அன்று. பீரங்கிக் குண்டு பட்டால் உயர்ந்த கல்மதில் பிளந்து சரிவதோடு, தெறிக்கும் சில்லுகள் உள்ளிருப்போரையே கொல்லும். தடித்த மண்மேடோ குண்டைத் தன்னுள் வாங்கி அமுக்கிவிடும். நெதர்லாந்துப் போர்களில் தேர்ந்த இந்தக் கலையின்படி அமைந்த குயின்ஸ் ஸ்கான்ஸின் நான்கு மூலைகளிலும் அம்பு முனைபோல் வெளியே நீளும் கொத்தளங்கள் உள்ளன. நேரான மதிலின் அடியில் பதுங்கும் எதிரியை மேலே நிற்பவர் காண முடியாது. ஆனால் ஒரு கொத்தளத்திலிருந்து சுடுபவர் அடுத்த கொத்தளத்தின் பக்கவாட்டை முழுதும் துடைத்தெடுக்கலாம் என்பதால், ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள அகழிக்குள் இறங்கியவருக்கு ஒதுங்க ஓர் இடமும் கிடைக்காது. அந்த அகழியில் இன்று நின்று பார்த்தாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதேனும் ஒரு மேடு தலைக்கு மேல் நிற்கக் காணலாம்.

மூன்று முறை முற்றுகையிடப்பட்டும் நியூவார்க் போரில் வீழவில்லை. 1645 நவம்பரில் தொடங்கிய மூன்றாம் முற்றுகையின்போது, நாடாளுமன்றப் படையும் ஸ்காட்லாந்துப் படையும் ஊரை வளைக்க, உள்ளே இருந்தோர் வெள்ளிப் பாத்திரங்களை வெட்டிச் சாய்சதுர வடிவில் நாணயம் அடித்துக் காலம் தள்ளினர். 1646 மே 5 அன்று அருகிலுள்ள சவுத்வெல்லில் ஸ்காட்லாந்துப் படையினரிடம் தம்மை ஒப்படைத்த மன்னரே ஆணையிட்ட பின்னர்தான் ஊர் பணிந்தது.

அரண்களை இடித்துத் தரைமட்டமாக்கும்படி நாடாளுமன்றத் தரப்பு உத்தரவிட்டும், ஊரில் பிளேக் நோய் பரவியிருந்த நிலையில் அந்தப் பணி முற்றுப்பெறவில்லை. ஊரின் ஆற்றங்கரையில் இருந்த கற்கோட்டையின் கல்லை வீடு கட்ட எடுத்துச் சென்ற மக்களுக்கு குயின்ஸ் ஸ்கான்ஸின் மண்ணைச் சுமந்து செல்ல எந்தத் தேவையும் இருக்கவில்லை. எளிய பொருளாக இருந்ததே இதற்குக் காப்பாயிற்று என்று கருதலாம். எனினும் இதன் இணையான கிங்ஸ் ஸ்கான்ஸ் 19ஆம் நூற்றாண்டில் நகர வளர்ச்சிக்குப் பலியானது பெரும் இழப்பு. முற்றுகையிட்டோர் எழுப்பிய சில மண்ணரண்களும் சுற்றுப்புற வயல்களில் எஞ்சியிருப்பதால், காத்தவர் கோட்டையையும் தாக்கியவர் அரணையும் ஒரே நிலப்பரப்பில் ஒப்பிட்டுக் காணும் அரிய வாய்ப்பு நியூவார்க்கில் உள்ளது.