உளியின் மேல் பழி போடுமுன்

ரயில்வே பட்டறைகளிலும் ஆலைகளிலும் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர், வடக்கே எந்த ஊருக்குச் சென்றாலும் இரண்டொருவராவது இருப்பார்கள். சும்மா இருக்கக் கைகள் இடங்கொடாமல், அவர்களுள் சிலர் சிறிய லேத்து ஒன்றை வாங்கி வீட்டின் பின்கட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கண்டு இளைஞர் சிலரும் இப்பொழுதுபோக்கில் இறங்கியுள்ளனர். வரவேற்க வேண்டிய பழக்கந்தான். ஆனால் பித்தளையையும் அலுமினியத்தையும் வெண்ணெய் போலச் சீவிய அதே யந்திரம், உருக்கைக் கண்டதும் முரண்டு பிடிக்கிறது. உளியின் முனை உடைகிறது, பரப்பு கிழிபடுகிறது, யந்திரம் ஊளையிடுகிறது. வேறொரு உளி, அதனினும் விலையுயர்ந்த உளி என்று பணம் கரைகிறது. சில மாதங்களில் லேத்தின் மேல் ஈரத்துணி காய்கிறது! எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் நடந்தது இதுவே.

நானோ காகிதத்தோடு உழலும் ரயில்வே குமாஸ்தா. எங்கள் குடியிருப்பில் முப்பதாண்டுகளுக்கு மேல் கடைசல் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாலை வேளைகளில் அவர் அருகே நின்று கற்றதும், பின்னர் என் கையால் செய்து தெளிந்ததுமே இங்கு எழுதுவன. உளி கெட்டுவிட்டது என்று யார் வந்து முறையிட்டாலும் அவர் உளியைக் கையில் வாங்குவதில்லை. “உயரம் பார்த்தாயா, தம்பி?” என்பதே அவரது முதற் கேள்வி.

உளியின் முனை, சுழலும் கம்பியின் மையத்துக்கு நேராக நிற்றல் வேண்டும். இதனை அறிய எளிய வழியுண்டு. யந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆறங்குல உருக்கு அளவுகோல் ஒன்றைக் கம்பிக்கும் உளி முனைக்கும் இடையே பிடித்து, உளியை மெல்ல முன்னே நகர்த்துங்கள். அளவுகோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்நுனி நம் பக்கம் சாய்ந்தால் உளி தாழ்ந்திருக்கிறது. அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. உயர்ந்த உளி வெட்டாது, அதன் கீழ்ப்பக்கம் கம்பியில் உரசிச் சூடேறும். தாழ்ந்த உளி, கம்பியைத் துண்டிக்கும் வேளையில், கம்பிக்கு அடியில் இழுபட்டு முறியும். அப்போது நாம் கடைக்காரரைத் திட்டுகிறோம்! பழைய ஹாக்ஸா பிளேடுத் துண்டுகளை உளியின் அடியில் அண்டை கொடுத்தால் இக்குறை தீரும், செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது ஊளை. பட்டறையில் இதனைச் சேட்டர் என்பார்கள். பரப்பில் வரி வரியாக அலைக்கோடுகள் விழுந்தால், எங்கோ ஏதோ ஆடுகிறது என்று பொருள். உளி தாங்கிக்கு வெளியே நீண்டிருக்கும் நீளம் இரட்டிப்பானால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். ஆகவே வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே நீட்டுக. கம்பியும் அங்ஙனமே. தன் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் சக்கை விட்டு நீண்டால், மறுமுனைக்கு டெயில்ஸ்டாக்கின் துணை வேண்டும். சிறு யந்திரங்களில் நகரும் பாகங்களின் ஜிப் திருகுகள் தளர்ந்திருப்பதும் உண்டு, முறுக்கிப் பாருங்கள். அப்படியும் ஊளை நிற்காவிடில் வேகத்தைக் குறைத்து, உளி நகரும் அளவைச் சற்றே கூட்டுக. புதியவர்கள் பயந்து பயந்து மயிரிழையாகச் சீவுகிறார்கள். உருக்கோ, பயந்தவன் கையில் வெட்டுப்படாமல் உரசுபடும்.

வேகத்துக்குக் கணக்கு உண்டு. சாதாரண மைல்டு ஸ்டீலை ஹைஸ்பீடு ஸ்டீல் உளியால் சீவ, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர் பரப்பு ஓடலாம். 25 மில்லிமீட்டர் கம்பிக்கு இது சுமார் 380 சுற்று. 12 மில்லிமீட்டருக்கு 800. மிக மெதுவாக ஓட்டினால் உருக்கே பசை போல் உளி முனையில் ஒட்டிக்கொண்டு பரப்பைப் பிய்த்துவிடும். அப்பொழுது வேகத்தைச் சிறிது ஏற்றி, கட்டிங் ஆயில் விட்டு, எண்ணெய்க் கல்லில் முனையைத் தீட்டினால் பரப்பு பளபளக்கும். சாணையில் உளி நீலம் பாய்ந்தால் வருந்த வேண்டாம். டெய்லரும் ஒயிட்டும் 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய உளிகள், முனை சிவக்கக் காய்ந்தும் வெட்டின. இன்றைய ஹைஸ்பீடு ஸ்டீல் அவ்வழி வந்ததே. ஆனால் காய்ந்த உளியைத் தண்ணீரில் முக்கவேண்டாம்; கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

கார்பைடு முனைகளைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. அவற்றுட் பல, பெரிய யந்திரங்களுக்கென மழுங்கிய விளிம்போடு செய்யப்பட்டவை. ஆழமாகவும் வேகமாகவும் சென்றால்தான் வெட்டும். உளி கம்பியில் பதிந்திருக்கும்போதே யந்திரத்தை நிறுத்தினால் முனை தெறிக்கும். வீட்டு லேத்துக்கு ஹைஸ்பீடு ஸ்டீலே போதும். அதனைச் சாதாரணச் சாணையில் நாமே தீட்டலாம். கார்பைடுக்கோ பச்சைச் சாணைக்கல் வேறு வேண்டும்.

சீவல் நீளச் சுருளாக வந்தால் கையால் இழுக்காதீர்கள், அது கத்தி. யந்திரத்தை நிறுத்திக் கொக்கியால் எடுக்கவும். வேட்டி, தோள்துண்டு, கையுறை எதுவும் லேத்தருகே ஆகா. சக்கின் சாவியை அதிலேயே விட்டு விசையைப் போடுவது, குழந்தைகள் நடமாடும் வீட்டில் பேரபாயம்.

இத்தனையும் சரியாக இருந்தும் உளி மழுங்கினால், அப்பொழுதுதான் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். கட்டடம் கட்டும் இடத்தில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பியைக் கொண்டுவந்து பழகுவோர் அநேகர். அக்கம்பியின் வெளிவளையம், ஆலையிலேயே நீர் பாய்ச்சிக் கடினமாக்கப்பட்டது. மேலே வரம்புகளும் இருப்பதால் உளி ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்கும். கறுப்புச் செதிள் படிந்த கம்பியானால், முதற்சீவலிலேயே செதிளுக்கு அடியில் செல்லும்படி ஆழம் வைக்கவும். இரும்புக் கடையில் ‘பிரைட் பார்’ என்று கேட்டு, மைல்டு ஸ்டீலில் 25 மில்லிமீட்டர்த் துண்டு ஒன்று வாங்குங்கள். ஒரு மாதம் பழக அது போதும்.